வகுப்பு முழுவதையும் அழைப்பதா? பாலிகஞ்சிலிருந்து ஒரு கேள்வி

சிறு குழந்தையின் பிறந்தநாள் விருந்துக்கு வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் அழைக்க வேண்டுமா, நெருங்கிய சிலரை அழைத்தால் போதுமா? நர்சரியிலிருந்து இரண்டாம் வகுப்புவரை பிள்ளைகள் படிக்கும் நகரத்து வீடுகளில் ஆண்டுதோறும் எழும் கேள்வி இது. ஆசிரியர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள், உளவியலாளர்கள் சற்று விலகிய இன்னொன்றைச் சொல்கிறார்கள். பணமும் பரிசும் கைமாறும் விதத்தை ஆராய்ந்தவர்கள் கேள்வியையே வேறு பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு விடைக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு, ஒரு பலவீனமும் உண்டு.

தெற்குக் கொல்கத்தாவின் பாலிகஞ்ச் இதை வைத்துச் சிந்திக்கத் தகுந்த இடம். 1954இல் சதிகாந்த குஹா தொடங்கிய சவுத் பாயிண்ட் பள்ளி இங்கேதான் வளர்ந்து, 1980களில் உலகிலேயே அதிக மாணவர்கள் படிக்கும் பள்ளி என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. 1952இல் தொடங்கிய மாடர்ன் ஹை பெண்கள் பள்ளி, தாகூரின் கல்விக் கருத்துகளை ஒட்டி 1965இல் உருவான பாட பவன் ஆகியவையும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. வங்காளி, மார்வாடி, குஜராத்திக் குடும்பங்களோடு, லேக் மார்க்கெட் பக்கம் பல தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இப்படிப்பட்ட வகுப்பறைகளில் சேர்ந்து உட்காருகிறார்கள். பிறந்தநாள் கொண்டாட்டம் வங்காளத்தில் வேர்பிடித்த வரலாற்றிலும் பாலிகஞ்சுக்கு ஒரு தொடர்பு உண்டு.

விருந்தினர் மாறிய விதம்

வங்காளக் குடும்பங்களில் குழந்தையின் பிறந்தநாள் நெடுங்காலம் வீட்டோடு முடிந்தது. காலையில் பாயேஷ் என்னும் பால் பாயசம் காய்ச்சுவார்கள். விளக்கேற்றி, நெல்லும் அறுகம்புல்லும் தலையில் வைத்துப் பெரியவர்கள் ஆசி கூறுவார்கள். பலரைக் கூட்டிச் சோறு போடும் நிகழ்ச்சி அன்னப்பிராசனம்தான். அதற்கு வருகிறவர்கள் உறவினரும் ‘பாரா’ என்று அங்கே சொல்லும் அக்கம்பக்கத்தாரும். தமிழ்க் குடும்பங்களின் ஆண்டுநிறைவும் காதுகுத்தும் இதே அடிப்படையில் நடந்தவை. யார் யாரை அழைப்பது என்பதை உறவுமுறை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. தாய்மாமனை அழைக்கலாமா என்று யாரும் யோசித்ததில்லை. பிறந்தநாளே தேதியால் அல்ல, நட்சத்திரத்தால் கணக்கிடப்பட்டது. கோயிலில் ஓர் அர்ச்சனையோடு நிறைவு பெற்றது.

மாற்றத்தின் ஒரு தொடக்கம் தாகூர் குடும்பத்தில் தெரிகிறது. இந்தியாவின் முதல் ஐ.சி.எஸ். அதிகாரியான சத்தியேந்திரநாத் தாகூரின் மனைவி ஞானதானந்தினி தேவி 1877இல் பிள்ளைகளோடு இங்கிலாந்து சென்றவர். பிள்ளைகளின் பிறந்தநாளைக் கொண்டாடும் வழக்கத்தை அந்தக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தவர் அவரே என்று தாகூர் குடும்ப வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1885இல் குழந்தைகளுக்காக ‘பாலக்’ இதழை நடத்தியவரும் அவர்தான். சத்தியேந்திரநாத் குடும்பம் பின்னாளில் வாழ்ந்த பாலிகஞ்ச் ஸ்டோர் ரோடு இன்று குருசதய் ரோடு எனப்படுகிறது. ரவீந்திரநாத்தின் பிறந்தநாளை 1887இல் முதன்முதலாகக் கொண்டாடியது தானே என்று அவருடைய அக்கா மகள் சரளா தேவி தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். அப்போதும் கூடியவர்கள் குடும்பத்தார்தான். பள்ளி இன்னும் உள்ளே வரவில்லை.

பள்ளி உள்ளே வந்த வழியை அமெரிக்க வரலாற்றாசிரியர் ஹவர்ட் சுடகாஃப் 1989இல் வெளியான நூலில் விளக்குகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அமெரிக்காவில் ஒருவரின் சரியான வயது அன்றாட வாழ்வில் பெரிதாகக் கணக்கில் வரவில்லை. வயதுவாரியாகப் பிரித்த வகுப்புகள் பரவிய பிறகே ஒத்த வயதினர் குழந்தையின் உலகத்தின் நடுவே வந்தார்கள், பிறந்தநாளும் அவர்களோடு கொண்டாடும் நாளானது. இந்தியாவில் இந்த மாற்றம் வேறு வேகத்தில் நடந்தது, ஆனால் போக்கு ஒன்றுதான். பள்ளிப் பதிவேட்டுக்குத் தேதி வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். நட்சத்திரப் பிறந்தநாள் வீட்டுக்கும், தேதிப் பிறந்தநாள் பள்ளிக்கும் என்று பல தமிழ்க் குழந்தைகளுக்கு நாள் இரண்டானது.

இந்த வரலாறு விவாதத்துக்கு அடிப்படையான ஒன்றைக் காட்டுகிறது. வகுப்பைக் குழந்தை தேர்ந்தெடுப்பதில்லை, குடும்பமும் தேர்ந்தெடுப்பதில்லை. பள்ளி அலுவலகம்தான் பிள்ளைகளைப் பிரித்து செக்‌ஷன் போடுகிறது. அந்தப் பட்டியல் வீட்டு விருந்தின் பட்டியலாகவும் ஆக வேண்டுமா என்பதில்தான் கருத்து வேறுபாடு தொடங்குகிறது.

‘எல்லோரையும்’ என்போர்

இந்தத் தரப்பின் வலுவான குரல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பள்ளியில் மழலையர் வகுப்பு எடுத்த விவியன் பேலி. விளையாட்டில் யாரையும் சேர்க்க மாட்டேன் என்று சொல்லக்கூடாது என்ற ஒரே விதியைத் தன் வகுப்பில் நடைமுறைப்படுத்திப் பார்த்து, அந்த அனுபவத்தை 1992இல் நூலாக்கினார். ஒதுக்கப்படும் குழந்தையைத் திருத்தி மற்றவர்களுக்கு ஏற்றதாக ஆக்குவதே வழக்கமான முயற்சி. மாற வேண்டியது குழு என்றார் பேலி. குடும்பத்தை விட்டு வெளியே வரும் குழந்தைக்குப் பள்ளிதான் முதல் பொதுவெளி. அங்கே சிலர் நிரந்தரமாக வெளியே நிற்பதைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

உளவியல் ஆய்வுகள் இதற்கு ஆதரவாக மேற்கோள் காட்டப்படுகின்றன. ஒன்றைச் சேர்ந்திருக்கும் தேவை மனிதருக்கு அடிப்படையானது என்று பாவ்மைஸ்டரும் லியரியும் 1995இல் வாதிட்டார்கள். கணினியில் பந்து எறியும் எளிய விளையாட்டில், முன்பின் தெரியாதவர்கள் சில நிமிடம் பந்து தராமல் விட்டாலே மனம் வாடுவதைக் கிப்லிங் வில்லியம்ஸ் காட்டினார். ஆனால் இவற்றை அளவோடுதான் பயன்படுத்த வேண்டும். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களை வைத்து நடந்தவை. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு சனிக்கிழமை விருந்து கைநழுவுவதால் நேரும் பாதிப்பை அவை அளக்கவில்லை.

இந்த வாதம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு சுவீடனின் லுண்ட் நகரில் 2008இல் நடந்தது எடுத்துக்காட்டு. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வகுப்பு நேரத்தில் பிறந்தநாள் அழைப்புகளைக் கொடுத்தான். இரண்டு பேருக்கு மட்டும் அழைப்பு இல்லை என்பதைக் கண்ட ஆசிரியர் எல்லா அழைப்புகளையும் திரும்ப வாங்கிக்கொண்டார். பள்ளி வளாகத்துக்குள் அழைப்பு கொடுத்தால் அதில் பாகுபாடு இல்லாமல் பார்ப்பது தன் பொறுப்பு என்றது பள்ளி. அந்த இருவரில் ஒருவன் தன் விருந்துக்கு இவனை அழைக்கவில்லை, மற்றவனோடு மனத்தாங்கல் என்று விளக்கிய சிறுவனின் தந்தை, நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளரிடம் முறையிட்டார்.

இங்கே கூர்ந்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பள்ளி உரிமை கோரியது அழைப்பு கொடுக்கப்படும் இடத்தின் மீது. வீட்டில் நடக்கும் விருந்தின் மீது அல்ல. பேலியின் விதியும் பள்ளி விளையாட்டுக்கானது. வகுப்பறைக்காகச் சொல்லப்பட்டதை அப்படியே வீட்டுக் கூடத்துக்கு நீட்டுவதே இத்தரப்பின் பலவீனம்.

‘நண்பர்களை மட்டும்’ என்போர்

எதிர்த்தரப்பு இரண்டு காரணங்களில் நிற்கிறது. முதலாவது, வீடு தனிவெளி. அங்கே யார் வருவது என்பதைக் குடும்பமே தீர்மானிக்கும். இரண்டாவது, நட்பு என்பதே தேர்வு. தேர்ந்தெடுக்கக் கற்பதும் வளர்ச்சியின் பகுதி. பேலி தன் விதியைப் பற்றி மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டபோது, விதி நியாயமானதுதான், ஆனால் நடைமுறையில் கடினம் என்றே பலர் கருதினார்கள்.

இரண்டாவது காரணம் வயதைப் பொறுத்து வலுப்பெறுகிறது அல்லது வலுவிழக்கிறது. சிறு குழந்தைகளின் நட்பைப் படிநிலைகளாக விவரித்த ராபர்ட் செல்மன், ஏறக்குறைய ஆறு வயதுவரை நண்பர் என்றால் அந்த நேரத்தில் பக்கத்தில் விளையாடுபவரே என்கிறார். அப்படியானால் நான்கு வயதுக் குழந்தையின் ‘நெருங்கிய நண்பர்கள்’ பட்டியலைத் தயாரிப்பது பெரும்பாலும் அம்மாதான். குழந்தையின் தேர்வை மதிக்கிறோம் என்ற வாதம் அந்த வயதில் பலமாக நிற்காது. ஏழெட்டு வயதில் நிலைமை வேறு. மேக்கபியும் ஜாக்லினும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், நான்கரை வயதில் பிள்ளைகள் எதிர்பாலரோடு செலவிடுவதைப்போல மூன்று மடங்கு நேரத்தைத் தம் பாலரோடு செலவிட்டார்கள். ஆறரை வயதில் அது பதினொரு மடங்கானது. எட்டு வயதுப் பெண்குழந்தை தன் வகுப்புப் பையன்கள் வேண்டாம் என்று சொன்னால் அதில் ஒதுக்கும் எண்ணத்தைத் தேட வேண்டியதில்லை.

கூச்ச சுபாவமுள்ள குழந்தைகளையும், இரைச்சலைத் தாங்க முடியாத குழந்தைகளையும் இந்த விவாதம் எளிதில் மறந்துவிடுகிறது. நாற்பது பேர், பலூன், ஒலிபெருக்கி, வேடிக்கை காட்ட அமர்த்தப்பட்ட ஆள் என்று நடக்கும் விழாவில் அழுதுகொண்டு நிற்பது சில வேளை பிறந்தநாள் குழந்தையே. அதன் தரப்பில் பார்த்தால் நான்கு பேர் போதும் என்பது கருணையான முடிவு.

செலவும் கைம்மாறும்

மூன்றாவது தரப்பு அழைக்கப்படாத குழந்தையிலிருந்து தொடங்குவதில்லை; அழைக்கும் குடும்பத்தின் பணப்பையிலிருந்து தொடங்குகிறது. என் பார்வையில் இந்தியச் சூழலுக்கு மிக அதிகமாகப் பொருந்துவது இதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் எல்லோரும் எல்லோரையும் அழைத்தால் ஆண்டுக்கு நாற்பது விருந்து. ஒவ்வொரு குழந்தையும் முப்பத்தொன்பது பரிசு கொடுக்கும், முப்பத்தொன்பது வாங்கும். மொத்தம் 1,560 பரிசுகள், அதே எண்ணிக்கையில் ரிட்டர்ன் கிஃப்ட். பரிசு ஒன்றுக்கு முந்நூறு ரூபாய் என்று வைத்தாலும் ஒரு குடும்பம் பரிசுக்கு மட்டும் ஆண்டுக்கு 11,700 ரூபாய் செலவிடும். விருந்துச் செலவு தனி.

கொடுத்தல், பெறுதல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கட்டாயப்படுத்தும் கடமைகள் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் எழுதினார். தமிழருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மொய் நோட்டு நம் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது. ஆனால் புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தோடு ஒப்பிட்டால் வகுப்பு விருந்தின் சிக்கல் தெளிவாகும். மொய் விருந்து வைப்பவருக்குக் கணிசமான தொகை ஒரே நாளில் கைக்கு வருகிறது. கடன் அடைக்கலாம், கிணறு வெட்டலாம், கடை வைக்கலாம். திருப்பிச் செய்ய ஆண்டுக்கணக்கில் தவணை உண்டு. வகுப்பு விருந்தில் சுற்றுவது பொம்மையும் வண்ணப் பென்சில் பெட்டியும். அவை எந்தத் தொழிலுக்கும் முதலாவதில்லை. கைம்மாறோ அதே ஆண்டுக்குள் செய்தாக வேண்டியது.

அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் பியூ கலிபோர்னியாவின் ஓக்லண்ட் பகுதிக் குழந்தைகளிடையே செய்த ஆய்வு 2009இல் நூலாக வந்தது. பிள்ளைகள் பொருளுக்கு ஆசைப்படுவது பேராசையால் அல்ல, வகுப்பில் நடக்கும் பேச்சில் தமக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதால் என்று அவர் கண்டார். இதை அவர் கண்ணியத்தின் பொருளாதாரம் என்றார். வசதி குறைந்த பெற்றோர் வேறு செலவைச் சுருக்கியாவது பிள்ளையின் அந்த இடத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். இதைப் பிறந்தநாளுக்குப் பொருத்திப் பார்த்தால், ‘எல்லோரையும் அழை’ என்னும் அன்பான விதி, நாற்பது பேருக்கு விருந்து வைக்க முடியாத வீட்டின் மீது சுமையாக இறங்குவது புலப்படும். அந்த வீட்டுக் குழந்தை எல்லா விருந்துக்கும் போய்வந்து, தன் முறை வரும்போது கூப்பிட முடியாமல் நிற்கும். சில பெற்றோர் அந்தச் சங்கடத்துக்கு அஞ்சியே மற்றவர் விருந்துக்கும் பிள்ளையை அனுப்பாமல் விடுகிறார்கள். அப்போது ஒதுக்கப்படாதிருக்க வந்த விதியே ஒரு குழந்தையை ஒதுங்கச் செய்கிறது.

பாலிகஞ்சில் இந்தச் சுமை பெரும்பாலும் தாயின் தலையில் விழுகிறது. கொல்கத்தாவின் நடுத்தரக் குடும்பங்களை ஆராய்ந்து 2008இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் ஹென்ரிகே டோனர், பிள்ளையின் ஆங்கிலவழிப் படிப்பு தாயின் முழுநேர உழைப்பாகவே மாறியதை நர்சரிப் பருவத்திலிருந்தே காட்டுகிறார். வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குழு இன்று அந்த உழைப்பின் ஒரு பகுதி. அழைப்பு கைபேசி வழியாகப் போவதால் லுண்ட் பள்ளி சொன்ன காரணம் வலுவிழக்கிறது. வகுப்பறையில் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மறுநாள் குழுவில் படங்கள் வந்துவிடுகின்றன. நான்கு வயதுக் குழந்தை அதைப் பார்க்காது, அதன் அம்மா பார்ப்பார். ஒதுக்கப்பட்ட வலி முதலில் யாருக்கு என்பதை இந்த விவாதம் இன்னும் போதிய அளவு பேசவில்லை.

சாப்பாடு இன்னொரு சிக்கல். ஜைன, மார்வாடிப் பிள்ளைகளும் மீனில்லாமல் விருந்தா என்று கேட்கும் வங்காளக் குடும்பங்களும் ஒரே வகுப்பில் இருக்கும்போது, எல்லோரையும் அழைப்பவர் நிராமிஷ் என்னும் சைவ உணவுக்கோ இரண்டு தனி மேசைகளுக்கோ போக வேண்டியிருக்கிறது. இதைத் தடையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. மற்றவர் வீட்டில் என்ன சாப்பிடுவார்கள், எதைத் தொடமாட்டார்கள் என்பதைக் குழந்தை கற்கும் இடம் பாடப்புத்தகமாக இருக்க முடியாது.

‘முழு வகுப்பு’ எவ்வளவு முழுமை?

மேலே சொன்ன தரப்புகள் அனைத்தும் வகுப்பு என்பதை ஒரு முழுமையாக எடுத்துக்கொள்கின்றன. பாலிகஞ்சில் அந்த எண்ணம் நிற்பதில்லை. தனியார் பள்ளி வகுப்பு, கட்டணமும் சேர்க்கை முறையும் ஏற்கெனவே சலித்துவிட்ட கூட்டம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடத்தை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கியது. உச்ச நீதிமன்றம் 2012இல் அதை உறுதி செய்தது. 2014இல் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. கொல்கத்தாவின் பேர்பெற்ற பள்ளிகளில் பல சிறுபான்மை நிறுவனங்கள். மற்றப் பள்ளிகளிலும் இந்த ஒதுக்கீடு மேற்கு வங்கத்தில் பெரிதாக நடைமுறைக்கு வரவில்லை.

கானிங்கிலிருந்தும் லட்சுமிகாந்தபூரிலிருந்தும் காலை லோக்கல் ரயிலில் பாலிகஞ்ச் நிலையத்தில் வந்திறங்கும் பெண்கள் இந்தப் பகுதியின் வீடுகளில் சமைக்கிறார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். விருந்தன்று பூரி பொரிப்பதும் அவர்கள்தான். அவர்களுடைய பிள்ளைகள் வகுப்புப் பட்டியலில் இல்லை. பழைய பாரா விருந்தில் சாதி, வர்க்க வரிசை கடுமையாகவே இருந்தது. அதை ஏக்கத்தோடு நினைக்கத் தேவையில்லை. ஆனால் பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளையும் அதில் ஏதோ ஓர் இலையில் உட்கார்ந்தது. வகுப்பு விருந்து அந்தச் சமமின்மையை நீக்கவில்லை, கண்ணிலிருந்து அகற்றியது. குழந்தையின் நட்புக்கு நாற்பது பேர் அதிகம். எவரையும் விடக்கூடாது என்ற நீதியுணர்வுக்கோ அதே நாற்பது பேர் மிகக் குறைவு.

கலந்து படிப்பதால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல சான்று உண்டு. டெல்லியின் உயர்தரத் தனியார் பள்ளிகள் பலவற்றில் 2007 முதல் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. அதன் விளைவைப் பொருளியலாளர் கௌதம் ராவ் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார். ஏழைச் சகமாணவரோடு படித்த வசதியான பிள்ளைகள் அதிகம் ஈகை காட்டினார்கள், தொடர் ஓட்டத்துக்கு அணி சேர்க்கும்போது குறைவாகப் பாகுபாடு பார்த்தார்கள், ஏழைப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடக் கூடுதல் விருப்பம் காட்டினார்கள். ஆங்கில மதிப்பெண்ணில் சிறு சரிவும் வகுப்பில் கெட்ட வார்த்தைப் பேச்சு சற்று உயர்ந்ததும் மறுபக்கம். இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது தினமும் ஒரே வகுப்பில் உட்கார்ந்ததே. ஆண்டுக்கு ஒரு நாள் விருந்துக்கு அழைத்தது அல்ல.

இடைவழிகள்

வயதுக்கு ஒருவராக விருந்தினரை எண்ணுவது, ஒரே மாதத்தில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து ஒரே விழா நடத்துவது, பரிசு வேண்டாம் என்று அழைப்பிலேயே எழுதிவிடுவது ஆகியவை பரவலாகச் சொல்லப்படும் வழிகள். கனடாவில் ஆளுக்கு ‘இரண்டு டாலர்’ நாணயம் இரண்டு கொண்டுவந்தால் போதும், ஒன்றில் குழந்தைக்குப் பரிசு, மற்றொன்று அறக்கொடைக்கு என்றொரு வழக்கம் உண்டு. இவற்றில் சேர்ந்து நடத்தும் விழாதான் செலவையும் எண்ணிக்கையையும் ஒருங்கே குறைக்கிறது.

இன்னும் கவனிக்கத்தக்கது பள்ளிக்குள்ளேயே உண்ணும் வழி. குஜராத்தில் தொடங்கிய திதி போஜனம், பிறந்தநாள் போன்ற நாள்களில் குடும்பங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதிய உணவோடு கூடுதலாக ஏதாவது வழங்கும் முறை; பிஎம் போஷன் என்று 2021இல் பெயர் மாறிய சத்துணவுத் திட்டம் இதை ஊக்குவிக்கிறது. யாரும் விடுபடுவதில்லை. ஆனால் கொடுப்பவர் ஒரு பக்கம், பெறுபவர் மறுபக்கம் என்றே அது நிற்கிறது. நட்புக்கு அங்கே இடம் குறைவு. வங்காளப் பள்ளிகளின் சரஸ்வதி பூஜை இதைவிட நெருக்கமான முன்மாதிரி. அன்று கிச்சுரியும் இலந்தைச் சட்னியும் எல்லா மாணவர்களுக்கும் உண்டு, பரிமாறுவதும் மாணவர்களே, பட்டியல் கிடையாது, பரிசு கிடையாது. சில பள்ளிகள் செய்வதுபோல மாதம் ஒருமுறை வகுப்பிலேயே அந்த மாதத்துப் பிறந்தநாள்களைச் சேர்த்துக் கொண்டாடுவது இந்த வழியில் வரும்.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

தரப்புகளை அருகருகே வைத்தால் ஓர் இடத்தில் மட்டும் ஒத்த கருத்து தெரிகிறது. வகுப்பில் பெரும்பாலோரை அழைத்து ஓரிருவரை மட்டும் விடுவதை எந்தத் தரப்பாலும் எளிதில் நியாயப்படுத்த முடியாது. சிலரை அழைப்பது தேர்வு; ஓரிருவரை விடுவது சுட்டிக்காட்டல். அதற்கு அடுத்தபடியாக, ஆறு வயதுக்குக் கீழே எல்லோரையும் அழைக்கும் வாதம் வலுவாகவும், அதற்கு மேலே மெலிந்தும் தோன்றுகிறது. விருந்து எளிமையாக இருந்தால்தான் அந்த வாதமே நிற்கும். கேக், மிக்சர், மாடியில் இரண்டு மணிநேர விளையாட்டு என்ற அளவைத் தாண்டும்போது அது அடுத்த வீட்டின் மீது ஏறும் கடனாகிறது. ஆகவே எத்தனை பேர் என்பதைவிட எவ்வளவு செலவு என்பதே பெற்றோர் கூடிப் பேச வேண்டிய விஷயம் என்று கருத இடமிருக்கிறது.

திறந்தே இருப்பவை இரண்டு. அழைப்பு கைபேசிக்கு மாறிய பிறகு பள்ளியின் பொறுப்பு எங்கே முடிகிறது? வாட்ஸ்அப் குழு பள்ளியின் பெயரில் இருக்கிறது, பள்ளியின் கட்டுப்பாட்டில் இல்லை. மற்றது இதைவிடக் கடினம். ராவ் கண்ட மாற்றம் கலப்பு வகுப்பறை இருந்தால்தான் சாத்தியம். அது இல்லாத பாலிகஞ்சில், வீட்டில் வேலை செய்பவரின் குழந்தையை விருந்துக்கு அழைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தக் குழந்தை அங்கே விருந்தினராக உட்காருமா, அம்மாவுக்கு உதவியாகச் சமையலறையில் நிற்குமா என்பதைப் பொறுத்தே அந்த அழைப்புக்கு மதிப்பு. விருந்தினராக உட்கார்ந்தாலும், அடுத்த நாள் அந்தப் பிள்ளைகள் சந்திக்க ஒரு பொதுவான வகுப்பு வேண்டும். அதற்கு வழியான 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டை நடைமுறைப்படுத்துவது மாநில அரசின் கையில் இருக்கிறது.